தங்கத்தட்டில் வேறு பாட்டு

வணக்கம். நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பக்கத்து ஊரில் ஒரு பழைய வீட்டின் சாமான்களை விற்றார்கள். அதில் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ஒரு தங்க இசைத்தட்டு இருந்தது. 1972இல் வந்து நன்றாக விற்ற ஒரு ராக் ஆல்பத்துக்காக, ஒரு வானொலி நிலையத்தின் பெயருக்குப் பரிசாகக் கொடுத்தது. 700 டாலர் சொல்கிறார்கள். லேபிளில் 6 பாட்டு போட்டிருக்கிறது, தட்டில் எண்ணினால் 4தான் வருகிறது. போலியா? நிஜமாகவே இருந்தாலும், போட்டுக் கேட்க முடியாத தட்டுக்கு ஏன் இவ்வளவு பணம்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உட்கார்ந்து பாட்டை எண்ணியிருக்கிறீர்களே, சபாஷ். ஆனால் அதை வைத்து மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்தில் இசைத்தட்டு அச்சடிக்கும் உலோக அச்சு எது கைக்குக் கிடைத்ததோ, அதை வெட்டி முலாம் பூசி, மேலே உரிய ஆல்பத்தின் லேபிளை ஒட்டிவிடுவார்கள். உள்ளே யார் பாடுகிறார் என்று யாரும் கவலைப்படவில்லை. முலாமைச் சுரண்டினால் ஒரு மூக்குத்திக்குக்கூடத் தேறாது.

இப்படித் தங்கத்தட்டு கொடுப்பது விளம்பரமாகத்தான் ஆரம்பித்தது. 1942 பிப்ரவரியில் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம், 12 லட்சம் பிரதி விற்ற ஒரு பாட்டுக்காக இசைக்குழுத் தலைவர் கிளென் மில்லருக்குத் தங்கப் பூச்சு பூசிய தட்டைக் கொடுத்தது. அப்புறம் ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கைத் தானே சொல்லித் தானே பரிசு கொடுத்துக்கொண்டது. 1958இல்தான் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கைத் தணிக்கை செய்து சான்று தர ஆரம்பித்தது. மோட்டவுன் கம்பெனி 1960களில் தன் கணக்குப் புத்தகத்தை அவர்களிடம் காட்டவே இல்லை. அதனால் 1965 தேதி போட்ட மோட்டவுன் தட்டில் ஆர்.ஐ.ஏ.ஏ. முத்திரையைக் கண்டால் நான் பர்ஸை மூடிவிடுவேன்.

உங்கள் தட்டுக்கு வருவோம். சட்டத்துக்குள் அடியில், யாருக்கு, எதற்காகக் கொடுத்தது என்று பொறித்திருக்கும் சின்னத் தகட்டைப் படியுங்கள். 1975க்கு முன்னால் ஆல்பத்துக்குத் தங்கம் என்றால் பிரதிக் கணக்கு கிடையாது. உற்பத்தியாளர் விலையில் 10 லட்சம் டாலருக்கு விற்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். 5 லட்சம் பிரதி என்ற நிபந்தனை 1975இல் சேர்ந்தது. அதனால் உங்கள் தகட்டில் டாலர் கணக்கு இருக்க வேண்டும். 5 லட்சம் பிரதி என்று இருந்தால், பிற்பாடு யாரோ சொல்லிச் செய்யவைத்தது. அது போலி ஆகிவிடாது, ஆனால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஹாலோகிராம், அதாவது சாய்த்துப் பார்த்தால் மின்னும் முத்திரை, ஒட்டியிருந்தால் அது 1980களின் நடுவுக்கு அப்புறம் செய்தது. 1972 வாக்கில் செய்ததென்றால், தட்டுக்குப் பின்னால் துணி மாதிரியான வெள்ளைப் பின்னணி, மேட் என்பார்கள், இருக்கும். இத்தனை வருஷத்தில் அது கொஞ்சம் பழுத்திருக்க வேண்டும். பளிச்சென்று இருந்தால் கேள்வி கேளுங்கள்.

ஏன் இவ்வளவு பணம் என்றால், அந்தத் தகட்டுக்குத்தான். ஒரே ஆல்பத்துக்குப் பாடகர், தயாரிப்பாளர், கம்பெனி ஆட்கள், வானொலி நிலையம், கடைக்காரர் என்று பலருக்கும் தட்டு போகும். பாடகர் பெயர் இருந்தால் விலை எங்கேயோ போய்விடும். ஏமாற்று வேலையும் அங்கேதான் நடக்கும். நான் முதலில் வாங்கியது பாடகர் பெயர் போட்டது. மூன்று மாதம் சுவரில் மாட்டி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வெயில் சாய்வாக விழுந்தபோது பார்த்தால், தகட்டைச் சுற்றி விரல் அகலத்துக்கு மேட் பழுக்காமல் வெள்ளையாக இருந்தது. அங்கே வேறொரு பெரிய தகடு பல வருஷம் இருந்திருக்கிறது. யார் பெயரோ! விற்றவர் அப்புறம் பதிலே போடவில்லை.

இந்தக் கணக்கில் வானொலி நிலையம் கீழ்ப்படிதான். ஆனால் எனக்கு அதுதான் பிடிக்கும். வேலை நடந்த இடத்தில், சிகரெட் புகைக்கு நடுவில் தொங்கிய தட்டு அது. அதைப் போலியாகச் செய்து பெரிதாகச் சம்பாதிக்கவும் முடியாது. சான்று கொடுத்த தேதி ஆர்.ஐ.ஏ.ஏ. தளத்திலேயே கிடைக்கும், ஒத்துப் பாருங்கள். பின்பக்கத் தாளைப் பிரிக்காதீர்கள், கண்ணாடிக்குள் துடைக்கப் போகாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் முதலில் 500 சொல்லுங்கள். அந்த வீட்டில் இருந்தவர் அந்த நிலையத்தில் வேலை பார்த்தவரா என்றும் கேளுங்கள். ஆமாம் என்றால், அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தகட்டைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?