அப்பனைக் கொல்ல வரும் மகன்: ஸ்கார் கதையை நான் படித்த விதம்

கேள்வி: சூப்பர்ஹீரோ ஒருவரின் பிரிந்துபோன மகனைப் பற்றிய காமிக்ஸ் தொடர் எதையாவது விடாமல் படித்திருக்கிறீர்களா? எங்கிருந்து தொடங்கலாம்?

படித்திருக்கிறேன். கோபம் வந்தால் பச்சை ராட்சதனாகும் மார்வெல் நாயகன் ஹல்க்கின் மகன் ஸ்காரின் கதை. 'விடாமல்' என்பதுதான் கொஞ்சம் பொய். கடையில் எந்த இதழ் கிடைக்கிறதோ அந்த வரிசையில்தான் கதை எனக்கு நடந்தது. ஐந்தாம் இதழ் முதலில், பிறகு ஒன்பது, அதற்குப் பிறகு இரண்டு.

2009இல் எனக்குப் பதினைந்து வயது. கொழும்பில் வெள்ளவத்தையில் ரயில் ஏறி மருதானையில் இறங்கி நடந்தால் டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும். ஓ.எல். பரீட்சைக்குப் பாஸ்ட் பேப்பர் (பழைய வினாத்தாள்) வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவேன். அதையும் வாங்குவேன், மிச்சக் காசுக்கு காமிக்ஸ். கடைக்காரர் ஒருவர் காமிக்ஸ்களை ரப்பர் பேண்ட் போட்டு அட்டைப் பெட்டியில் அடுக்கியிருப்பார். ஒரு கட்டில் பாதி நனைந்து காய்ந்ததாக இருக்கும், அவற்றின் பக்கங்களை அப்பளம் மாதிரிப் பிடித்துப் பிரிக்க வேண்டும். அங்கேதான் நீண்ட தலைமுடியும் கையில் வாளுமாக ஒரு பச்சைப் பொடியனைப் பார்த்தேன். ஹல்க் மாதிரி இருந்தான், ஆனால் ஹல்க் இல்லை.

கதைக்கு வருகிறேன். இதன் வேர் 2006இல் தொடங்கிய 'பிளானட் ஹல்க்'. எழுதியவர் கிரெக் பாக். அயர்ன் மேன், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் உள்ளிட்ட பெரிய சூப்பர்ஹீரோக்கள் கூடி, இந்த ஹல்க் பூமியில் இருந்தால் ஆபத்து என்று முடிவு செய்து, ஏமாற்றி விண்கலத்தில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். கலம் போய் விழுவது ஸகார் என்ற கிரகத்தில் (கிரகம் ஸகார், மகன் ஸ்கார், எனக்கே முதலில் குழம்பியது). அங்கே அடிமையாக அரங்கில் சண்டையிட்டு, கடைசியில் கொடுங்கோல் அரசனைக் கவிழ்த்து, ஹல்க் தானே அரசனாகிறான். கையேரா என்ற வீராங்கனையைக் கலியாணம் செய்கிறான். அவள் கருவுற்றிருக்கும்போது அந்த விண்கலம் வெடித்து நகரமே அழிகிறது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஹல்க் பழிவாங்கப் பூமிக்குத் திரும்புகிறான்.

பிள்ளை சாகவில்லை. அதுதான் 2008இல் தனித் தொடராக வந்த 'ஸ்கார்: சன் ஆஃப் ஹல்க்'. நெருப்புக்குள்ளிருந்து எழுந்து, ஒரு வருடத்துக்குள் வாலிபனாக வளர்ந்துவிடுகிறான். அப்பா எங்கே என்றால், விட்டுவிட்டுப் போய்விட்டார். ஹல்க்குக்கு இப்படி ஒரு மகன் இருப்பதே தெரியாது, மகனுக்கு அந்தத் தெரியாமையும் தெரியாது. அந்தக் கோபத்தோடு அவன் பூமிக்கு வருகிறான்.

உண்மையைச் சொன்னால் முதல் பத்துப் பன்னிரண்டு இதழ்களில் வாள், அரக்கர், எரிமலை என்று சத்தம் அதிகம். ரான் கார்னியின் படங்களுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டாம் இதழுக்குப் பிறகு ஒரு சுழி இருக்கிறது. பதின்மூன்றிலிருந்து தொடரின் தலைப்பு 'சன் ஆஃப் ஹல்க்' என்று சுருங்கி, கதை ஸ்காரின் சகோதரன் ஹிரோகாலாவிடம் போய்விடும். மகன் என்றால் ஸ்கார்தானே என்று நான் அதையும் வாங்கிவிட்டு, பஸ்ஸில் புரட்டிப் பார்த்து முழித்தேன். ஸ்கார் இடம் மாறி 'இன்க்ரெடிபிள் ஹல்க்' 601ஆம் இதழில் இருந்தான்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தப் பகுதியைத்தான். அதற்கு முந்தைய இதழில், ஹல்க்காக மாறும் விஞ்ஞானி புரூஸ் பேனரிடமிருந்து ஹல்க்கின் சக்தி பறிபோய்விடும். மெலிந்த, கண்ணாடி போட்ட பேனர் மட்டும் மிச்சம். கொல்ல வந்த பொடியனுக்கு எதிரியே இல்லை! பேனர் அவனிடம் சொல்வதன் சாரம் இதுதான்: ஹல்க் ஒருநாள் திரும்பி வருவான், அன்றைக்கு அவனை எப்படிக் கொல்வது என்று நான் உனக்குச் சொல்லித்தருகிறேன். பிறகு இருவரும் சேர்ந்து ஊர் ஊராகத் திரிகிறார்கள். ஒருவன் பாடம் எடுக்கிறான், மற்றவன் முறைத்துக்கொண்டே கேட்கிறான். பேனரும் ஹல்க்கும் ஒரே ஆள்தான் என்பது இருவருக்கும் தெரியும், ஆனால் பக்கத்தில் நடப்பவர் அப்பா இல்லை என்கிற மாதிரியே ஸ்கார் நடந்துகொள்வான்.

என் அப்பா 1996இல் சுவிஸுக்குப் போனவர். ஞாயிற்றுக்கிழமை போனில் வரும் குரல்தான் எனக்கு அப்பா. அந்தக் குரலோடு கோபமில்லை, மார்க்ஸ் எத்தனை என்று கேட்கும், சொல்வேன். சுவரில் இருந்த கலியாணப் படத்தில் மாலையோடு நின்ற ஆளோடுதான் எனக்குக் கோபம். அதனால்தான் இந்தக் கதை பிடித்தது என்று அன்று எனக்கு விளங்கவில்லை. பிறகு யோசித்துச் சொல்கிறேன், அதுவும் முழுக்கச் சரியா தெரியாது. சண்டைகளும் நன்றாகத்தான் இருந்தன.

2010இல் 611ஆம் இதழில் ஹல்க் திரும்பி வந்து இருவரும் மோதுவார்கள். பேனரின் தகப்பன் அவரைச் சின்ன வயதில் அடித்து வதைத்தவன், தாயைக் கொன்றவன். இது 1985லேயே ஹல்க் கதையில் வந்துவிட்டது. அது தெரிந்து படித்தால் இந்தச் சண்டை வேறு மாதிரி இருக்கும். முடிவில் ஸ்கார் சின்னப் பையனாக உருமாறி நிற்க, ஹல்க்கின் ஓங்கிய கை அப்படியே நிற்கிறது. ஹல்க் பேனராகி அவனை அணைத்துக்கொள்கிறார். 2022இல் வந்த 'ஷீ ஹல்க்' தொலைக்காட்சித் தொடரின் கடைசி அத்தியாயத்தில், குடும்பம் கூடிச் சாப்பிடும் இடத்துக்கு ஹல்க் ஸ்காரைக் கூட்டி வந்து 'என் மகன்' என்று அறிமுகப்படுத்துவார், அவ்வளவுதான். காமிக்ஸில் இரண்டு வருடம் இழுத்த விஷயம் அங்கே சில விநாடி. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எங்கிருந்து தொடங்குவது என்றால்: 'பிளானட் ஹல்க்', அப்புறம் 'ஸ்கார்' பன்னிரண்டு இதழ், பிறகு நேரே 601 முதல் 611 வரை. ஹிரோகாலாவைத் தாண்டிப் போகலாம். இப்போது மார்வெல் அன்லிமிட்டெட் செயலியில் வரிசையாகவே படிக்கலாம், அட்டைப் பெட்டியைக் கிளற வேண்டியதில்லை.

அப்பா முதன்முறையாக 2011இல் வந்தார். மேசையில் கிடந்த இதழைத் தூக்கிப் பார்த்தார்.

"இது ஆர்?"

"ஹல்க்கின்ர மகன்."

"ஹல்க்குக்கு எப்ப கலியாணம் நடந்தது?"

சொன்னேன். பால்கனிக் கதிரையில் இருந்து ஐந்தாம் இதழைப் படித்துவிட்டு, "முதலாவது எங்க?" என்றார். இல்லை என்றேன். அடுத்த நாள் இருவரும் மருதானைக்குப் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்து, அவரைக் காட்டி "தாத்தாத?" என்று கேட்டார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அப்பாவுக்குச் சிங்களம் மறந்துபோயிருந்தது. நரைத்த தலையைத் தடவிக்கொண்டு, "எனக்கு என்ன அவ்வளவு வயசே?" என்று என்னிடம் முறைத்தார். விளக்கியதும் கடைக்காரரைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

முதலாம் இதழ் அங்கே இருக்கவில்லை. நாலாவது இருந்தது. அதை அப்பாதான் காசு கொடுத்து வாங்கினார்.