மாமனார் விட்டுப்போன காகிதங்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று நீளமானது. அதைப் படித்த பிறகு, அதே மாதிரி விஷயத்தைப் பற்றி முன்பே வந்து தேங்கியிருந்த கேள்விகளையும் எடுத்துச் சேர்த்துக்கொண்டேன். எல்லாமே வடசென்னையிலிருந்து வந்தவை, எல்லாமே வீட்டில் கிடக்கும் காகிதங்களைப் பற்றியவை.

கேள்வி: என் மாமனார் மாநில அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்புறம் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் ஒரு அறக்கட்டளைக்குக் கடைசிவரை தலைவராக இருந்தார். போன வருடம் தவறிவிட்டார். இப்போது வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். மாடியில் மூன்று டிரங்குப் பெட்டி, ஒரு பீரோ நிறையக் காகிதம். டைரி, கடிதம், டைப் அடித்த கார்பன் நகல், அறக்கட்டளைக்கு வந்த மனுக்கள் எல்லாம் இருக்கின்றன. மனுக்களின் ஓரத்தில் பச்சை மையில் பொடி எழுத்தில் ஏதேதோ எழுதியிருக்கிறார். கொழுந்தனார் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: எதையும் கழிக்காதீர்கள் அம்மா. அதைவிட முக்கியம், எதையும் அடுக்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு உட்கார்ந்து கடிதம் ஒரு பக்கம், பில் ஒரு பக்கம், பத்திரிகை நறுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பதுதான் இந்த மாதிரிக் காகிதங்களுக்கு நாம் செய்கிற பெரிய கெடுதல். ஒரு மனுவோடு ஒரு பதிலும் ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரே குண்டூசியில் இருந்தால், அவர் அந்தப் பிள்ளையின் வீட்டைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவு எடுத்திருக்கலாம் என்று பின்னால் படிக்கிறவர் ஊகிக்க முடியும். பிரித்துவிட்டால் மூன்றும் வெறும் காகிதம். ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறவர்கள் முதலில் பார்ப்பதே இந்த மூல வரிசையைத்தான்.

அதனால் பெட்டியைத் திறந்ததும் போனில் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். ஒரு கட்டை எடுத்ததும் இன்னொரு படம். கட்டுக்குப் பென்சிலில் எண் போடுங்கள், பெட்டி 1, கட்டு 4 என்ற மாதிரி. ஒரு நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே ஒரே ஒரு வரி: என்ன இருக்கிறது, எந்த வருடம். இவ்வளவு போதும்.

இனி யாருடைய காகிதம் என்ற கேள்வி. உங்கள் மாமனார் மாதிரி அரசிலும் இருந்து, அறக்கட்டளையும் நடத்தியவர் வீட்டில் மூன்று பேருடைய காகிதம் இருக்கும். அரசுக் கோப்பின் அசல் இருந்தால் அது அரசுடையது. ஓய்வு பெற்ற பிறகு அதை வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. பயந்து எரித்துவிடாதீர்கள், அந்தத் துறையிடம் எழுத்து மூலம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அறக்கட்டளையின் தீர்மானப் புத்தகம், கணக்கு, வவுச்சர் எல்லாம் அறக்கட்டளையின் சொத்து. வருமான வரி விஷயத்தில் அவர்களுக்கு அது தேவைப்படும், அவர்களிடம்தான் இருக்க வேண்டும். டைரி, சொந்தக் கடிதம், பேச்சுக்கான குறிப்பு, அனுப்பாமல் விட்ட கடித வரைவு, இவை அவருடையவை, இப்போது வாரிசுகளுடையவை. மூன்றும் ஒரே கட்டில் கலந்து கிடக்கும், அதுதான் வழக்கம். உடனே பிய்க்க வேண்டாம். எது எங்கே இருக்கிறது என்று நோட்டில் குறித்துவிட்டு, எதைக் கொடுக்கிறீர்களோ அதற்கு ஒரு நகல் எடுத்து அந்த இடத்திலேயே வையுங்கள்.

அந்தப் பச்சை மைக்கு வருகிறேன். கெசட்டட் அதிகாரியாக இருந்தவர்களுக்குப் பச்சை மை கையிலேயே ஒட்டிக்கொண்டுவிடும், ஓய்வுக்குப் பிறகும் சிலர் விடமாட்டார்கள். அறக்கட்டளையின் தீர்மானப் புத்தகத்தில் இத்தனை மாணவர்களுக்கு இவ்வளவு ரூபாய் வழங்க முடிவு செய்யப்பட்டது என்று ஒரு வரிதான் இருக்கும். ஏன் இந்தப் பெண்ணுக்கு, ஏன் அந்தப் பையனுக்கு இல்லை, யார் சிபாரிசு செய்தார்கள், இவர் அதை ஏற்றாரா மறுத்தாரா என்பதெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கும். தர்மப் பணம் என்பது ஊர்ப் பணம். அதைப் பங்கிட்டவர் எப்படி யோசித்தார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயம், அவர் நல்லவராக இருந்தாலும் சரி, சில இடத்தில் தவறி இருந்தாலும் சரி.

ஒரு காகிதம் என்ன செய்யும் என்பதற்கு உங்கள் வீட்டுக்குத் தெற்கே பிராட்வேயிலேயே சாட்சி இருக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794-ல் காலமானபோது தன் சொத்தைக் கோயிலுக்கும் தர்மத்துக்கும் என்று உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார். பணம் அவர் நினைத்த வழியில் போகாமல் ஆண்டுக்கணக்கில் வழக்கில் கிடந்தது. பிறகு சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் அதை மீட்டு ஒழுங்குபடுத்த முனைந்தார்கள். அந்தப் பணத்தில் 1842-ல் பிராட்வேயில் பள்ளி திறந்தது, அதுதான் பின்னால் பச்சையப்பன் கல்லூரியானது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. நடுவில் யாராவது அந்த உயிலைப் பழைய காகிதம் என்று தூக்கிப் போட்டிருந்தால் எத்தனை தலைமுறைப் பிள்ளைகளின் படிப்பு போயிருக்கும் என்று கொழுந்தனாரிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பொதுவாழ்க்கையில் இருந்த எங்கள் தாத்தாவின் டைரியில் குடும்பத்தாரைப் பற்றிக் கடுமையாக எழுதியிருக்கிறது. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாமா?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம். கிழித்த பக்கத்தைவிடக் கிழிந்த டைரி அதிகம் பேசும், என்ன இருந்திருக்கும் என்று ஆளாளுக்குக் கதை கட்டுவார்கள். காப்பகத்துக்குக் கொடுக்கும்போது இந்த டைரியை இத்தனை வருடம் யாருக்கும் காட்டக் கூடாது என்று நிபந்தனை எழுதிக் கொடுக்கலாம். அது நடைமுறையில் உள்ளதுதான், மூடி முத்திரை வைத்து வைப்பார்கள். சம்பந்தப்பட்டவர்கள் காலம் முடிந்த பிறகு திறக்கட்டும்.

உங்கள் குடும்பத்துக்கு மட்டுமல்ல, மற்றவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு வேண்டும். உதவி கேட்டு வந்த மனுக்களில் ஒரு வீட்டின் வறுமை, நோய், கடன் எல்லாம் பெயரோடு இருக்கும். அன்றைக்குப் பத்தாம் வகுப்பு படித்த பிள்ளை இன்றைக்கு நம் தெருவிலேயே இருக்கலாம். அவற்றை வாட்ஸ்அப்பில் படம் பிடித்துப் போடுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம். இன்னொன்று, தாத்தாவுக்கு வந்த கடிதத்தின் தாள்தான் உங்களுடையது. அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு, அவர் இல்லையென்றால் அவர் வாரிசுக்கு. புத்தகமாகப் போடுவதாக இருந்தால் அவர்களைக் கேட்க வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டில் இப்படி அரசிலும் அறக்கட்டளையிலும் இருந்த ஒருவருடைய காகிதங்களை எப்படி வைத்திருக்கிறார்கள்? ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.
— கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: மெக்ஜார்ஜ் பண்டி என்று ஒருவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டீனாக இருந்தவரை 1961-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி தன் பாதுகாப்பு ஆலோசகராக வெள்ளை மாளிகைக்கு அழைத்துக்கொண்டார். கென்னடிக்குப் பிறகு ஜான்சனிடமும் 1966 வரை இருந்தார். வியட்நாம் போரை அமெரிக்கா பெரிதாக்கியதில் அவருடைய ஆலோசனைக்கு முக்கியப் பங்கு உண்டு. 1965 பிப்ரவரியில் அவர் வியட்நாம் போயிருந்தபோதுதான் பிளேக்கு என்ற இடத்தில் இருந்த அமெரிக்க முகாம் தாக்கப்பட்டது, வடக்கு வியட்நாம் மீது தொடர்ந்து குண்டு போட வேண்டும் என்று அதையொட்டி அவர் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து வெளியே வந்தவர் 1966 முதல் 1979 வரை ஃபோர்டு ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அறக்கட்டளைக்குத் தலைவர். நமக்கும் அந்தப் பெயர் புதிதல்ல. அதன் டெல்லி அலுவலகம் 1952-லேயே வந்துவிட்டது, அவர் தலைவராவதற்கு முன்பே தஞ்சாவூரில் நடந்த தீவிர விவசாயத் திட்டத்துக்கும் அந்தப் பணம் வந்தது.

இப்போது அவருடைய காகிதங்களைப் பாருங்கள். சொந்தக் காகிதங்கள் பாஸ்டனில் கென்னடி நூலகத்தில். ஃபவுண்டேஷன் கோப்புகள் நியூயார்க் மாநிலத்தில் ஸ்லீப்பி ஹாலோ என்ற ஊரில் இருக்கும் ராக்ஃபெல்லர் ஆவணக் காப்பகத்தில். வெள்ளை மாளிகைக் குறிப்புகள் அந்தந்த ஜனாதிபதியின் நூலகத்தில். வண்ணாரப்பேட்டை அம்மாவுக்குச் சொன்ன அதே பங்கீடுதான். அங்கேயும் இது எப்போதும் தெளிவாக இருந்ததில்லை. ஜனாதிபதி பதவி விட்டுப் போகும்போது காகிதங்களைத் தன் சொத்தாக எடுத்துப் போவதுதான் வெகுகாலம் பழக்கம், அவை மக்கள் சொத்து என்று சட்டம் வந்தது 1978-ல்தான்.

எனக்கு இதில் மனசில் நிற்பது அவருடைய கடைசிக் காலம். வியட்நாமில் தான் என்ன செய்தோம் என்று திரும்பிப் பார்த்து ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தார், முடிக்காமல் 1996-ல் இறந்துபோனார். மிஞ்சியது வரைவுகளும் துண்டுக் குறிப்புகளும்தான். ஆனால் அதிகாரத்தில் இருந்த ஒருவர் தன் முடிவைத் தானே கேள்வி கேட்டது அந்தத் துண்டுகளில்தான் தெரிகிறது. முடிந்த புத்தகமாக இருந்தால் வழவழப்பாக்கி இருப்பார். அடித்துத் திருத்திய வரைவில் ஆள் அப்படியே இருக்கிறார். அறக்கட்டளை வேலையிலும் சர்ச்சை இருந்தது, நியூயார்க்கில் பள்ளி நிர்வாகத்தை வட்டார மக்களிடம் கொடுக்கும் முயற்சிக்கு ஃபவுண்டேஷன் பணம் கொடுத்து, அது 1968-ல் ஆசிரியர் போராட்டத்தில் முடிந்தது. அடுத்த வருடமே அறக்கட்டளைகளுக்குக் கடிவாளம் போடும் வரிச் சட்டம் வந்தது, அதற்கான காரணங்களில் இதையும் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டவர் என்ன யோசித்தார் என்று இன்று ஒரு மாணவர் போய்ப் படிக்க முடிகிறது. நம் ஊரில் எத்தனை தர்மகர்த்தாக்களின் காகிதத்தை அப்படிப் படிக்க முடியும்?

கேள்வி: மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, சங்கச் செயலாளராக இருந்த அப்பாவின் கோப்புகள் நனைந்து ஒட்டிக்கொண்டன. அடுத்த மழைக்கு என்ன செய்வது?
— வாசகர், எர்ணாவூர்

பதில்: 2023 டிசம்பரில் உங்கள் பக்கம் வந்தது வெறும் மழைத் தண்ணீர்கூட இல்லை, எண்ணெய் கலந்த தண்ணீர், அதனால் உங்கள் வருத்தம் புரிகிறது. காய்ந்து ஒட்டிப்போனதை நீங்களே உரிக்க வேண்டாம், காகிதப் பராமரிப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். இனி நனைந்தால் இரண்டு நாளைக்குள் காரியத்தைத் தொடங்கிவிட வேண்டும், அதற்கு மேல் பூஞ்சை பிடித்துவிடும். வெயிலில் போடாதீர்கள், மை வெளுக்கும், தாள் முறுக்கிக்கொள்ளும். நிழலில் ஃபேன் காற்று, நடுநடுவே அச்சில்லாத வெள்ளைத் தாள் வைத்து அடிக்கடி மாற்றுங்கள்.

மழையில்லாத நாளிலும் நம் பக்கம் கடற்காற்று சும்மா விடாது. குண்டூசியும் ஸ்டேப்பிளர் பின்னும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும், மெதுவாகக் கழற்றிவிட்டு ஒரு தாளை மடித்து அதற்குள் அதே வரிசையில் சேர்த்து வையுங்கள். செலோ டேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. பெட்டி தரையிலும் இருக்கக் கூடாது, சுவரை ஒட்டியும் இருக்கக் கூடாது. கரையானும் ராமபாணப் பூச்சியும் அந்த வழியில்தான் வரும்.

கேள்வி: இதையெல்லாம் வாங்கிக்கொள்வது யார்? ஸ்கேன் செய்துவிட்டு அசலைப் போட்டுவிடலாமா?
— வாசகி, இராயபுரம்

பதில்: எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, அது தொடங்கியதே கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்ததிலிருந்துதான். காகிதங்களை விட்டுப்போனவர் பணியாற்றிய துறைக்கோ ஊருக்கோ நெருக்கமான கல்லூரி நூலகத்தையும் கேட்டுப் பார்க்கலாம். முதலில் மூட்டையோடு போகாதீர்கள், பட்டியலோடு போங்கள். எல்லா இடமும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாது. எடுத்துக்கொள்கிறவர்களிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: இது தானமா இல்லை பாதுகாக்க மட்டும் கொடுப்பதா, யார் எப்போது பார்க்கலாம், வேண்டாம் என்று அவர்கள் கழிப்பது திரும்ப உங்களுக்கே வருமா. மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை.

ஸ்கேன் அவசியம், ஆனால் அசலுக்கு மாற்று அல்ல. பென்சில் குறிப்பு, தாளின் பின்பக்கம், நீர்க்குறி இதெல்லாம் அவசரமாக எடுத்த படத்தில் விழாது. ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் திறக்காமல் போகும்.

கேள்வி: ரயில்வே அதிகாரியாக இருந்து, இப்போது ஒரு அறக்கட்டளையை நடத்தும் என் அப்பாவுக்கு வயது 80-க்கு மேல். காகிதத்தைத் தொடவிட மாட்டேன் என்கிறார்.
— வாசகர், பெரம்பூர்

பதில்: தொடாதீர்கள், அவர் சொல்வது நியாயம். பக்கத்தில் உட்கார்ந்து, அவரே ஒரு கட்டைப் பிரிக்கட்டும், நீங்கள் போனில் குரல் பதிவை மட்டும் போட்டு வையுங்கள். இந்தக் கடிதம் எழுதியவர் யார், ஏன் கோபமாக எழுதியிருக்கிறார், இந்தத் தொகையை ஏன் பாதியாகக் குறைத்தீர்கள் என்று கேளுங்கள். குரூப் போட்டோக்களை முதலில் எடுங்கள், அதில் நிற்பவர்கள் பெயர் இப்போது அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். இடமிருந்து வலமாகப் பெயரை ஒரு தனித் தாளில் எழுதுங்கள், படத்தின் பின்னால் எழுதியே ஆக வேண்டும் என்றால் மெத்தென்ற பென்சிலில் லேசாக, பால்பாயிண்ட் பேனாவில் வேண்டாம், எழுத்து முன்பக்கம் புடைத்துக்கொள்ளும்.