மாண்டூ டெஸ்ட் போட்ட கை ஏன் இரண்டு நாள் கழித்துத் தடிக்கிறது?

கேள்வி இது: வீட்டில் தாத்தாவுக்கு நுரையீரல் டிபி. கூட இருந்த எல்லோரையும் பரிசோதித்ததில் 14 வயதுப் பேத்திக்கு மாண்டூ டெஸ்டில் (டிபிக்காகக் கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் பரிசோதனை) 16 மி.மீ. தடிப்பு வந்திருக்கிறது. இருமல், காய்ச்சல் எதுவும் இல்லை. எக்ஸ்ரேயும் சுத்தம். "ஊசியில் கிருமியே இல்லை என்கிறார்கள், அப்புறம் கை எப்படித் தடித்தது? டி செல் அடையாளம் கண்டுகொண்டது என்றார் டாக்டர். அது எப்படிக் கண்டுகொள்ளும்? பிறந்தபோது போட்ட டிபி தடுப்பூசி பிசிஜி காரணமாக இருக்குமா?" என்று அந்தப் பெண்ணின் அம்மா கேட்டிருக்கிறார்.

உங்களுக்கு உடனே தெரிய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாண்டூ பாசிட்டிவ் என்றால் டிபி நோய் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. உங்கள் மகளின் டி செல்களில் (நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகை) சில, டிபி கிருமியையோ அதன் உறவுக்காரக் கிருமி ஒன்றையோ ஏற்கெனவே சந்தித்திருக்கின்றன, அதை நினைவில் வைத்திருக்கின்றன. அவ்வளவுதான் அந்தத் தடிப்பு சொல்கிறது.

நான் மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். இந்த டெஸ்ட் எனக்கு மிகவும் பிடித்தமானது. எந்தப் பெரிய மெஷினும் இல்லாமல், டி செல் வேலை செய்வதை விரலால் தொட்டுப் பார்க்க முடிகிற இடம் இது ஒன்றுதான் என்பேன்.

ஊசியில் இருப்பது பிபிடி என்ற புரதக் கலவை. டிபி கிருமியை வளர்த்து, சூடாக்கிக் கொன்று, வடிகட்டி, அந்த வடிநீரிலிருந்து புரதத்தை மட்டும் பிரித்து எடுப்பார்கள். உயிருள்ள கிருமி கிடையாது, அதனால் இந்த ஊசியால் யாருக்கும் டிபி வராது. 0.1 மி.லி. மருந்தை முன்கையில், தோலின் அடுக்குக்குள்ளேயே நிற்கிற மாதிரி போடுவார்கள். போட்டவுடன் ஒரு சின்னக் கொப்புளம் எழும்பும். அது உள்ளே போன மருந்து நீர்தான், கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும். பிறகு அன்று பெரிதாக ஒன்றும் தெரியாது. மறுநாள் லேசாகச் சிவக்கும். 48 மணி நேரத்துக்கு மேல்தான் நன்றாகக் கெட்டிப்படும்.

பென்சிலினுக்கு டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்ப்பார்களே, அங்கே அலர்ஜி இருந்தால் 15, 20 நிமிடத்தில் தடித்துவிடும். ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் ஏற்கெனவே தோலில் தயாராகக் காத்திருப்பதால் அந்த வேகம். மாண்டூவில் ஆன்டிபாடிக்கு வேலையே இல்லை. இதை நிரூபித்தவர் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் இருந்த மெரில் சேஸ். டிபிக்குப் பழகிய கினிப் பன்றியின் ரத்தத்திலிருந்து சீரத்தை (செல்கள் நீங்கிய, ஆன்டிபாடி உள்ள நீர்) எடுத்து இன்னொன்றுக்குச் செலுத்தினால் மாண்டூ மாதிரியான தடிப்பு வருவதில்லை. செல்களை எடுத்துச் செலுத்தினால் வருகிறது. இதை அவர் 1945இல் வெளியிட்டார். அப்போது டி செல் என்ற பெயரே கிடையாது. டி செல்கள் வளரும் இடமான, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்கு என்ன வேலை என்றே 1961இல் ஜாக் மில்லர் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

சரி, அடையாளம் காண்பது எப்படி? ஆன்டிபாடி ரத்தத்தில் மிதந்துகொண்டே, முழுப் புரதத்தின் வடிவத்தை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். டி செல்லால் அது முடியாது. டிபி கிருமியை அப்படியே அதன் முன்னால் கொண்டுபோய் வைத்தாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. நம் உடலின் செல் ஒன்று அந்தக் கிருமியின் புரதத்தை வெட்டி, சின்னத் துண்டாக்கி, எச்எல்ஏ என்ற தன் சொந்த மூலக்கூறில் பொருத்தி வெளியே காட்ட வேண்டும். டி செல் அந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும்: நம் எச்எல்ஏ, அதில் உட்கார்ந்திருக்கும் அந்நியத் துண்டு.

இதைக் கண்டுபிடித்தது கான்பெராவில், எலிகளை வைத்து. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் பீட்டர் டோஹர்ட்டியும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ரோல்ஃப் சிங்கர்நாகெலும் மூளைச் சவ்வைத் தாக்கும் ஒரு வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வைரஸ் தாக்கிய எலியின் டி செல்களை எடுத்து, அதே வைரஸ் தாக்கிய செல்களோடு சேர்த்து வைத்தார்கள். அந்தச் செல்களுக்குள் முன்கூட்டியே கதிரியக்கக் குரோமியத்தை ஏற்றியிருந்தார்கள். செல் செத்தால் குரோமியம் வெளியே கசியும், அதை அளந்துவிடலாம். அதே எலி வகையின் செல்கள் என்றால் குரோமியம் கசிந்தது. வேறு வகை எலியின் செல்கள் என்றால், உள்ளே இருப்பது அதே வைரஸாக இருந்தும், டி செல் தொடவே இல்லை. வைரஸை மட்டும் பார்ப்பதாக இருந்தால் இரண்டையும் கொன்றிருக்க வேண்டும். 1974இல் வெளிவந்த இந்த வேலைக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. 1987இல் ஹார்வர்டில் பமீலா பியோர்க்மனும் அவருடைய குழுவும் எச்எல்ஏ மூலக்கூறின் முப்பரிமாண வடிவத்தை எக்ஸ்ரே மூலம் எடுத்தபோது அதன் மேற்பகுதியில் ஒரு பள்ளம் தெரிந்தது. பள்ளத்துக்குள் எச்எல்ஏவைச் சேராத ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டும் இருந்தது. புரதத் துண்டு உட்காரும் இடம் அதுதான்.

எச்எல்ஏ இரண்டு பெரும் வகை. உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் முதல் வகை உண்டு. செல்லுக்குள்ளேயே தயாராகும் புரதங்களின் துண்டுகளை, 8 முதல் 10 அமினோ அமில நீளத்தில், இது வெளியே காட்டும். வைரஸ் புகுந்த செல் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. பார்த்துக் கொல்ல வருவது சிடி8 டி செல். இரண்டாம் வகை, வெளியிலிருந்து விழுங்கியதை வெட்டிக் காட்டும். இங்கே துண்டு இன்னும் நீளம். பார்ப்பது சிடி4 டி செல். உங்கள் மகளின் கையில் நடந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது கதை.

அந்தக் கைக்கு வருகிறேன். தோலுக்குள் டென்ட்ரிடிக் செல்கள் கிளை பரப்பி உட்கார்ந்திருக்கின்றன. பிபிடியை அவை விழுங்கி, வெட்டி, எச்எல்ஏவில் ஏற்றுகின்றன. ரத்தத்திலும் திசுக்களிலும் சுற்றிக்கொண்டிருக்கும் நினைவு சிடி4 செல்களில், டிபி துண்டுக்குப் பொருந்துகிறவை சொற்பம். அதில் ஒன்று அந்த இடத்துக்கு வந்து, துண்டைக் கண்டுகொண்டு, காமா இன்டர்ஃபெரான், டிஎன்எஃப் போன்ற சமிக்ஞைப் புரதங்களை வெளியிட வேண்டும். அதைக் கேட்டு ரத்தக் குழாய்ச் சுவர் தளர்கிறது, நீர் கசிகிறது, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் இன்னும் பல டி செல்களும் வந்து குவிகின்றன. ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் என்ற புரதமும் அங்கேயே படிகிறது. இதற்கெல்லாம் பிடிக்கிற நேரம்தான் அந்த இரண்டு நாள். டெஸ்டைப் படிக்கும்போது சிவப்பை அளக்கக் கூடாது என்று மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். பால்பாயின்ட் பேனாவை வெளிப்பக்கத்திலிருந்து மெல்ல உள்ளே நகர்த்தினால், தடிப்பின் விளிம்பில் பேனா தட்டி நிற்கும். எதிர்ப்பக்கமும் அப்படியே செய்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே கையின் குறுக்குவாக்கில் ஸ்கேல் வைத்தால் வருவது செல்கள் குவிந்த அகலம். உங்கள் மகளுக்கு அது 16 மி.மீ.

இந்த நினைவு அவளுக்கு எப்போது வந்தது? கிருமி முதல்முறை உள்ளே போனபோது டென்ட்ரிடிக் செல் அதன் துண்டுகளை நெறிக்கு எடுத்துப் போயிருக்கும். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது என்போமே, அதே நெறிதான், மார்புக்குள்ளும் இருக்கிறது. பொருத்தமான டி செல் அங்கே அந்தத் துண்டைக் கண்டால் மட்டும் போதாது. டென்ட்ரிடிக் செல் "இது ஆபத்து" என்ற இரண்டாவது சமிக்ஞையையும் தர வேண்டும். அப்போதுதான் அந்த ஒரு செல் பெருகிப் படையாகும். சண்டை முடிந்ததும் ஒரு பகுதி நினைவுச் செல்லாகத் தங்கும். கிருமி புகுந்து 2 முதல் 8 வாரம் கழித்தே மாண்டூ பாசிட்டிவ் ஆவது இதனால்தான்.

நம் சொந்தப் புரதங்களும் இதேபோல எச்எல்ஏவில் ஏறி நிற்குமே, அவற்றை ஏன் தாக்குவதில்லை என்று நீங்கள் கேட்கலாம். டி செல்கள் தைமஸில் வளரும்போதே கடுமையான பரிட்சை நடக்கிறது. நம் எச்எல்ஏவை அடையாளமே தெரியாதவையும், நம் புரதத்தை இறுக்கிப் பிடிக்கிறவையும் அங்கேயே சாகின்றன. உருவாகிறவற்றில் மிகப் பெரும்பாலானவை வெளியே வருவதே இல்லை. தப்பி வந்தவற்றை அடக்க ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று தனி வகை இருக்கிறது. அதற்கான நோபல் பரிசு 2025இல்தான் கொடுக்கப்பட்டது.

இப்போது நான் அதிகம் அக்கறைப்படுகிற விஷயம். டி செல் அடையாளம் கண்டதோடு நிற்பதில்லை, அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. டிபி கிருமி மேக்ரோஃபேஜின் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்தக்கூடியது. சிடி4 செல்லின் காமா இன்டர்ஃபெரான் கிடைத்தால்தான் மேக்ரோஃபேஜுக்கு அதை அடக்கும் பலம் வரும். கொல்ல முடியாத கிருமியை இந்தச் செல்கள் சுற்றி வளைத்து அடைத்து வைக்கும். அந்த அடைப்பு நிலைக்க டிஎன்எஃப் வேண்டும். மூட்டுவாதத்துக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற, டிஎன்எஃபைத் தடுக்கும் மருந்துகள் வந்தபோது, உறங்கிக்கொண்டிருந்த டிபி பலருக்கு விழித்துக்கொண்டது. அதனால்தான் இப்போது அந்த மருந்தைத் தொடங்கும் முன் டிபி டெஸ்ட் எடுக்கிறார்கள். எச்ஐவி சிடி4 செல்களை அழிப்பதால் எச்ஐவி உள்ளவர்களுக்கு டிபி எளிதாக வருகிறது. அதே காரணத்தால் மாண்டூ தடிக்காமலும் போகலாம். தட்டம்மை வந்த குழந்தைகளுக்கு இந்தத் தடிப்பு தற்காலிகமாக மறைவதை வியன்னா மருத்துவர் ஃபோன் பிர்கே 1908லேயே கவனித்துவிட்டார்.

தொழுநோயில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கிருமி ஒன்றுதான். சிடி4 செல்கள் காமா இன்டர்ஃபெரான் பக்கம் திரும்பியவருக்குச் சில தேமல்களோடு நிற்கிறது, கிருமியைத் தேடினாலும் கிடைப்பதில்லை. ஆனால் அதே டி செல்களின் வேகத்தில் நரம்பும் சேதமாகிறது. வேறு பக்கம் திரும்பியவருக்கு ஆன்டிபாடி ஏராளமாக இருந்தும் பயன் இல்லை, தோல் முழுக்கக் கிருமி.

கடைசியாக பிசிஜி. பிறந்தவுடன் போட்ட பிசிஜியின் தாக்கம் மாண்டூவில் வருடம் போகப்போகக் குறைந்துவிடும். மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள டிபியின் உறவுக்காரக் கிருமிகளும் டி செல்லுக்குக் கொஞ்சம் பழக்கம் கொடுக்கும். செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய பெரிய பிசிஜி ஆய்வில் பெரியவர்களின் நுரையீரல் டிபிக்கு எதிராகப் பாதுகாப்பு கிடைக்காமல் போனதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் 16 மி.மீ., அதுவும் வீட்டிலேயே நோயாளி இருக்கும்போது, பிசிஜி மேல் பழியைப் போட நான் தயங்குவேன். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் இக்ரா என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பிசிஜியில் இல்லாத ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற இரண்டு டிபி புரதங்களின் துண்டுகளை ரத்தத்தோடு கலந்து வைத்து, டி செல்கள் காமா இன்டர்ஃபெரான் விடுகின்றனவா என்று அளப்பார்கள்.

இப்படி உறங்கும் கிருமி உள்ளவர்களில் நூற்றில் 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறும். அதைத் தடுக்க மாத்திரை இருக்கிறது: ஐசோனியாசிட் 6 மாதம் தினமும், அல்லது ஐசோனியாசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒருமுறை 3 மாதம். எது மகளுக்குச் சரி என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். டிபி நோயாளியின் வீட்டார் என்பதால் அரசுத் திட்டத்திலேயே கேளுங்கள். சிகிச்சை முடிந்த பிறகு சரியாகிவிட்டதா என்று பார்க்க மறுபடி மாண்டூ போட வேண்டாம். நினைவுச் செல்கள் இருக்கும்வரை கை தடிக்கத்தான் செய்யும்.