பேய்க் காருக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் உண்டா?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கமுங்க ஐயா. நான் பொள்ளாச்சி, காலேஜ் படிக்கிறேன். சின்ன வயசில் எங்க ஊர் கேம் சென்டரில் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்னு ஒரு கம்ப்யூட்டர் கேம் விளையாடும்போது, காட்டுக்குள்ள ஆளே இல்லாமல் ஒரு கார் தானா வரும், மலையில் ஒரு காட்டு மனிதன் சுத்துறான்னு அண்ணனுங்க சொல்லுவாங்க. இதைத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையாகப் போட்டேன். குறிப்பிடத்தக்கமை (தனிக் கட்டுரையாக இடம்பெறும் தகுதி) இல்லை, ஆதாரம் இல்லை என்று நீக்கிவிட்டார்கள். உடுக்கை அடித்துப் பாடும் பொன்னர் சங்கர் கதையான அண்ணன்மார் கதைக்கு இடம் உண்டு, எங்க கதைக்குக் கிடையாதா?

பதில்: தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய கட்டுரைப் பிரதியையும் படித்தேன். நீக்கியது சரிதான் என்பது என் கருத்து, ஆனால் அதற்குக் காரணம் அது பசங்க கதை என்பதோ கம்ப்யூட்டர் விளையாட்டு என்பதோ இல்லை.

அண்ணன்மார் கதையையே எடுத்துக்கொள்வோம். செத்துக் கிடந்த அண்ணன்மாரைத் தங்கை எழுப்பினாள் என்று உடுக்கை அடித்துப் பாடுகிறார்களே, அது நடந்ததா என்று எந்தக் கலைக்களஞ்சியமும் விசாரிக்கவில்லை. பழைய கதை என்பதற்காகவும் இடம் கொடுக்கவில்லை. 1960களில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கி, பாடகர் சொல்லச் சொல்ல டேப்பில் பதிவு செய்து, பிறகு அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அவருக்கு அந்தக் கதையால் ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்லை. இப்படிச் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள், பொறுப்பான இடத்தில், ஒரு வரி இரண்டு வரியாக இல்லாமல் விரிவாக எழுதியிருக்கிறாரா என்பதுதான் விக்கிப்பீடியா கேட்கிற கேள்வி. கதை உண்மையா பொய்யா என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருவோம். அதில் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது. சான் ஆண்ட்ரியாஸ் 2004ல் வந்தது. அதில் காட்டு மனிதன் இருக்கிறான் என்ற புரளி உலகம் முழுக்கப் பரவி, கேம் கம்பெனிக்காரர்களே இல்லை என்று மறுத்து, கேம் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதி, கடைசியில் 2013ல் வந்த ஜிடிஏ ஐந்தாம் பாகத்தில் அந்த உருவத்தை அவர்களே விளையாட்டின் ஒரு கட்டத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். இது எழுதத் தக்க விஷயம், ஆதாரமும் கிடைக்கும். பேய்க் காருக்கும் விளக்கம் இருக்கிறது: அந்த அடிபட்ட கார் சரிவான இடத்தில் நிற்கும்படி கேமில் வைக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் பக்கத்தில் போனதும் அது தோன்றி, பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் பள்ளத்தில் உருண்டு வருகிறது. உள்ளே ஆள் இல்லாத கார் மரத்துக்கு நடுவில் நம்மைப் பார்த்து வந்தால் பத்து வயசுப் பையனுக்கு வேறு என்ன தோன்றும்?

ஆனால் கட்டுரையின் பாதிக்கு மேல் உங்கள் ஊர் சென்டரில் யார் எப்போது பார்த்தார்கள் என்பதுதான் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். ஆனால் அதை உங்களைத் தவிர வேறு யாரும் இதுவரை எங்கும் எழுதவில்லை. விக்கிப்பீடியா அதைச் சொந்த ஆய்வு என்று சொல்லி ஒதுக்கும், ஒதுக்கத்தான் வேண்டும். இன்னொன்று, உங்கள் முதல் வரி ‘இந்தக் காட்டில் பேய்க் கார் ஓடும்’ என்று தொடங்குகிறது. ‘விளையாடுகிறவர்களிடையே பரவிய கதை’ என்று தொடங்கியிருந்தால், படிக்கிறவருக்கு எது கதை எது விளக்கம் என்று முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். காட்டு மனிதன் பகுதியை ஆதாரத்தோடு சான் ஆண்ட்ரியாஸ் கட்டுரைக்குள்ளேயே ஒரு பத்தியாகச் சேர்த்துப் பாருங்கள், தனிக் கட்டுரை வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கேள்வி: ஆசிரியை, கோபிசெட்டிபாளையம். பொய் என்று தெரிந்த கதைக்குக் கலைக்களஞ்சியத்தில் எதற்கு இடம்? பிள்ளைகள் நம்பிவிட மாட்டார்களா?

பதில்: நல்ல பதிவு இல்லாத இடத்தில்தான் டீச்சர் பிள்ளைகள் அதிகம் நம்புகிறார்கள். பாலிபியஸ் என்று ஒரு கதை உண்டு. 1981ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்து விளையாட்டுக் கடைகளில் ஒரு கறுப்பு மெஷின் வந்ததாம், விளையாடிய பசங்களுக்குத் தலைவலியும் மறதியும் வந்ததாம், கறுப்புக் கோட்டு போட்டவர்கள் வந்து கணக்கு எடுத்துக்கொண்டு போவார்களாம். இன்றுவரை அப்படி ஒரு மெஷின் யார் கையிலும் சிக்கவில்லை. 2003 செப்டம்பரில் கேம்ப்ரோ என்ற பத்திரிகை அதைப் பற்றி எழுதியது, அதற்குப் பிறகு பலர் துருவித் துருவிப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்ததில் என்ன கிடைத்தது தெரியுமா? அதே 1981ல் அதே ஊரில் ஒரே நாளில் இரண்டு பேருக்கு விளையாடும்போதே உடம்புக்கு முடியாமல் போயிருக்கிறது, ஒருவர் சாதனை செய்வதற்காக ஒரு நாளுக்கும் மேல் விடாமல் ஆடியவர். சூதாட்டம் நடக்கிறது என்று அங்கே கடைகளில் போலீஸ் சோதனையும் நடந்திருக்கிறது. இவையெல்லாம் சேர்ந்துதான் கதை முளைத்திருக்கும் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். பொய்க் கதை எந்த உண்மையிலிருந்து கிளம்பியது என்று காட்டும் பதிவு, பயந்துபோய் ராத்திரியில் தேடிப் பார்க்கிற பையனுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள்.

பொய் என்று பலர் நினைத்தது உண்மையாகிப் போனதும் உண்டு. விற்காமல் போன ஈ.டி. கேம் கேசட்டுகளை 1983ல் அட்டாரி கம்பெனி நியூ மெக்சிகோவில் அலமொகோர்டோ ஊர்க் குப்பை மேட்டில் புதைத்தது என்பதைப் பல வருஷம் கட்டுக்கதை என்றே பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டினார்கள், சுமார் 1,300 கேசட் வெளியே வந்தது. புதைத்த காலத்திலேயே செய்தித்தாள்களில் வந்த செய்திதான் அது, தேடி எடுத்துப் படிக்கத்தான் ஆளில்லை.

கேள்வி: திருப்பூர் வாசகர். ஒரு கேம் மர்மம் பற்றிய யூடியூப் வீடியோவை லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். அது போதாதா?

பதில்: போதாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது கதை பரவியதற்குச் சாட்சி. சொன்னவர் விசாரித்துத்தான் சொன்னார், தப்பாக இருந்தால் திருத்துவார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. அந்த வீடியோவைப் பற்றி ஒரு செய்தித்தாளோ ஆய்வாளரோ எழுதினால் அப்போது பேசலாம்.

கேள்வி: ஈரோட்டிலிருந்து. நாங்கள் டிவி கேமில் வளர்ந்த தலைமுறை. கேசட் ஓடாவிட்டால் ஊதிப் போடுவது, கான்ட்ரா கேமில் முப்பது உயிர் வாங்குவது, கடைசி ஸ்டேஜுக்கு அப்புறம் ரகசிய ஸ்டேஜ் இருக்கிறது என்று அடித்துச் சொல்வது, இதெல்லாம் அப்படியே மறைந்துபோக வேண்டியதுதானா?

பதில்: மறையக் கூடாதுங்க, அதற்காகத்தான் இந்த மாதம் இவ்வளவு பக்கம் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன மூன்றுமே மூன்று விதம். முப்பது உயிர் உண்மை, கம்பெனியே உள்ளே வைத்த சீட் கோடு, அதாவது வரிசையாகப் பட்டன்களை அழுத்தினால் சலுகை தரும் ரகசியக் குறி. ஊதுவது உலகம் முழுக்க இருந்த பழக்கம், வாய் ஈரம் பட்டு உள்ளே இருக்கும் பின் அரித்துப்போகும் என்று நின்டென்டோ கம்பெனியே வேண்டாம் என்றது. ஊதியதால் ஓடியதாக நினைத்தோம், உண்மையில் கழற்றி மறுபடி சொருகியதில் பின் சரியாக உட்கார்ந்திருக்கும். ரகசிய ஸ்டேஜ் கதைதான் நம்ம ஊர்ச் சரக்கு, தெருவுக்குத் தெரு மாறும், அதைத்தான் முதலில் பிடித்து வைக்க வேண்டும்.

தமிழின் முதல் பெரிய கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன் உங்கள் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். 1954லிருந்து 1968 வரை 10 தொகுதிகள் வந்தன. அதே மனிதர்தான் நாட்டுப்புறப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். வாயில் இருப்பதைச் சேகரிப்பது ஒரு வேலை, கலைக்களஞ்சியம் எழுதுவது இன்னொரு வேலை. முதல் வேலை நடக்காமல் இரண்டாவதற்குப் போனதால்தான் பொள்ளாச்சித் தம்பியின் கட்டுரை நிற்கவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கதையைச் சொன்னவர் என்ன வயதில், எந்த ஊரில், எந்த வருஷம், யாரிடம் கேட்டார், எந்த கேம், அவர் வாயால் சொன்னது சொன்னபடி, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் குரலையும் பதிவு செய்யுங்கள், அவர் சம்மதம் கேட்டுவிட்டு. பக்கத்து ஊரில் அதே கதை வேறு மாதிரி இருந்தால் அதையும் எழுதுங்கள், எது சரி என்று நீங்களே தீர்ப்புச் சொல்லித் திருத்த வேண்டாம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் மக்கள் வாய்மொழிக் கதை, பாட்டு, வழக்கங்களை ஆராயும் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே துறை இருக்கிறது, அது போன்ற இடத்தில் படிக்கிற யாராவது இதை ஆய்வுக்கு எடுத்தால் ஆதாரம் தானாக உருவாகும். நம் இதழுக்கும் அனுப்புங்கள். ஆசிரியரிடம் பேசிவிட்டேன், வந்ததைச் சரிபார்த்து, ஊர் பெயரோடும் வருஷத்தோடும் தனிப் பகுதியாகப் போடச் சம்மதித்திருக்கிறார். உறையின் மேல் ‘கேம் கதை’ என்று எழுதினால் நேராக என் மேசைக்கு வந்துவிடும்.