புயல் காற்றில் தகரக் கூரை பறக்காமலிருக்க மணல் மூட்டை போதுமா?

கடலூர் முதுநகரில் தகரக் கூரை போட்ட வீட்டில் இருக்கும் நீங்கள், ஐப்பசி பிறப்பதற்குள் கூரைமேல் மணல் மூட்டைகளை அடுக்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கூரைமேல் விரைந்து செல்லும் காற்று தகட்டை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அதே நேரத்தில், திறந்த சன்னல் வழியாக உள்ளே புகுந்த காற்று அடியிலிருந்து தூக்குகிறது. அதனால்தான் ஓரங்களும் மூலைகளும் முகடும் முதலில் பெயர்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை அனுபவித்தவர்களுக்கு அந்தக் காற்றின் வலு நன்றாகத் தெரியும்.

ஆகவே பணத்தைப் போல்ட்டுகளில் போடுங்கள். ஏணி வைத்து ஏறி, தகட்டை இரும்புச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கொக்கி வடிவ ஜே போல்ட் ஒன்றை அருகில் பாருங்கள்: கொக்கி வளைவில் துரு செதில் செதிலாக உரிந்து, ரப்பர் வாஷர் வெடித்திருந்தால், உப்புக் காற்று அதன் பலத்தைத் தின்றுவிட்டது என்று பொருள். துத்தநாகப் பூச்சுள்ள புதியவற்றை, ஓரங்களில் மட்டுமாவது நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். நெளிதகட்டின் மேட்டில்தான் துளையிட வேண்டும். பள்ளத்தில் இட்டால் ஒழுகும்.

பலரும் மறப்பது ஒன்று உண்டு: தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம் சுவரோடு பிணைக்கப்படாவிட்டால், கூரை சட்டத்தோடு சேர்ந்தே பறந்துவிடும். வெல்டரை அழைத்து அதையும் இப்போதே முடித்துவிடுங்கள்.