கட்டாரில் மைதானத்துக்குக் கேபிள் போடப் போவதா? ஒரு தாய்க்கு என் பதில்

அக்கா, உங்கள் கடிதத்தை வாசித்தேன். மகன் உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி, இசட் புள்ளி காணாமல் கம்பஸ் கிடைக்கவில்லை. கட்டாரில் இருக்கும் மாமா, பெரிய விளையாட்டு மைதானங்களுக்கு நெட்வேர்க் கேபிள் போடும் கம்பனியில் சேர்த்துவிடுகிறேன், அடுத்த மாதமே அனுப்பு என்கிறார். படித்த பிள்ளை போய் வயர் இழுப்பதா என்று உங்களுக்கு நித்திரை இல்லை. அந்தத் தொழில் நல்ல தொழில், அதில் உங்களுக்குப் பயம் வேண்டாம். ஆனால் ஒன்றும் பழகாமல் அடுத்த மாதமே அனுப்புவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நம் திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தை மனதில் வைத்துக்கொண்டு யோசித்தால் அந்த வேலையின் அளவு பிடிபடாது. 2022 உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்த லுசைல் மைதானத்தில் கிட்டத்தட்ட 89 ஆயிரம் பேர் உட்காரலாம். ஒரு கோல் விழுந்ததும் அத்தனை பேரும் ஒரேயடியாக வீடியோ அனுப்பப் பார்ப்பார்கள், அதே நேரத்தில் வாசலில் டிக்கெட் ஸ்கேன் செய்யும் மெஷின், கண்காணிப்புக் கமரா, ஸ்கோர் போர்ட், சாப்பாட்டுக் கடையில் கார்ட் போடும் மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வைஃபைக்கு எதற்கு வயர் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் ஒவ்வொரு வைஃபை பெட்டிக்கும் பின்னால் ஒரு கேபிள் வந்தே ஆக வேண்டும், அதற்குக் கரண்டும் அந்தக் கேபிளிலேயேதான் போகிறது. அமெரிக்காவில் 2014இல் திறந்த லீவைஸ் மைதானத்தில் சுமார் 1,200 வைஃபை பெட்டிகளும் சுமார் 640 கிலோமீற்றர் கேபிளும் போட்டார்கள். இங்கிருந்து கொழும்புக்குப் போய்வந்தாலும் மிஞ்சும் நீளம். பெட்டிகள் பலவற்றை ஆசனத்துக்குக் கீழேயே வைத்தார்கள். சனம் நிரம்பினால் மனித உடம்பே சிக்னலை உறிஞ்சிவிடும், அதனால் தூரத்தில் வைத்துச் சரிவராது.

செம்புக் கேபிள் 100 மீற்றருக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. அதிலும் சுவருக்குள் நிரந்தரமாகப் போவது 90 மீற்றர்தான், மிச்சம் இரு முனையிலும் செருகும் சின்ன வயர்களுக்கு. மைதானமோ அதைவிட எவ்வளவோ பெரியது. ஆகவே சுற்றிவரச் சின்னச் சின்ன அறைகள் கட்டி, அங்கே ஸ்விட்ச் என்ற, பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டியை வைத்து, அறைகளைப் பிரதான அறையோடு ஃபைபரால், அதாவது அதிக தூரம் போகக்கூடிய கண்ணாடி இழைக் கேபிளால், இணைக்கிறார்கள்.

இப்போது கை வேலையைப் பாருங்கள். ஒரு கேபிளுக்குள் எட்டு வயர், நான்கு சோடியாக முறுக்கியிருக்கும். முனையை ஜாக்கில், அதாவது வயர் செருகும் துளையுள்ள பகுதியில், பொருத்தும்போது அந்த முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்கக் கூடாது. அவசரத்தில் ஒருவன் ஓர் அங்குலம் பிரித்துவிட்டால் லைட் எரியும், இணைப்பும் கிடைக்கும், ஆனால் சோதனை மெஷினில் ஃபெயில் என்று வரலாம். மெஷின் ஒவ்வொரு கேபிளின் நீளத்தையும், ஒரு சோடியின் சிக்னல் அடுத்த சோடிக்குள் கசிகிறதா என்பதையும் அளந்து பதிவு செய்யும். பெரிய வேலைகளில் அந்த அறிக்கை இல்லாமல் வேலையை ஏற்க மாட்டார்கள்.

உங்கள் மகனின் விஷயம் இங்கேதான் தீர்மானமாகிறது. பயிற்சி இல்லாமல் போகிறவனை ஹெல்ப்பர் என்று எடுத்து, வெயிலில் கேபிள் சுருளை உருட்டவும் குழாய்க்குள் இழுக்கவும் விடுவார்கள், ஜாக்கையோ சோதனை மெஷினையோ ஃபைபர் ஒட்டும் மெஷினையோ தொட விடமாட்டார்கள். இரண்டு வருட ஒப்பந்தம் அப்படியே கழிந்துவிடும். அதே இடத்தில் முனை பொருத்தி, சோதித்து, வரைபடம் வாசித்து, லேபிள் ஒட்டி, அறிக்கை தயாரிக்கத் தெரிந்தவன் டெக்னீஷியன். சம்பளமும் வேறு, மரியாதையும் வேறு, திரும்பி வந்த பிறகும் அந்தக் கை வேலை சோறு போடும்.

ஆகவே முதலில் இங்கே படிக்கட்டும். தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் போய், கணினி வலையமைப்பு சம்பந்தமாக இந்த முறை என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) 4ஆம் மட்டப் பயிற்சி இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள். தனியார் இடமென்றால், பணம் கட்ட முன்னர், ஃபைபர் ஒட்டும் மெஷினில் பிள்ளை தன் கையால் எத்தனை தரம் செய்வான் என்று கேளுங்கள், காட்டுவோம் என்று சொன்னால் மட்டும் போதாது. அப்புறம் ஒரு வருடமாவது இங்கேயே வேலை செய்யட்டும். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் கமராவும் வைஃபையும் போடாத இடம் குறைவு, உப்புக்காற்றில் இணைப்புகள் துருப்பிடிப்பதால் திருத்த வேலையும் ஓயாது. கடற்கரையில் வெளிப்புற இணைப்பை ஒழுங்காக மூடப் பழகினவன் மழையிலும் தண்ணீரிலும் நனையும் மைதானப் பார்வையாளர் படிகளில் தடுமாற மாட்டான். பிறகு விரும்பினால் பிக்சி என்ற சர்வதேச அமைப்பின் இன்ஸ்டோலர் (கேபிள் பொருத்துபவர்) பரீட்சைகள் இருக்கின்றன, அது வளைகுடாவில் மதிப்புள்ள சான்றிதழ்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். மகனுக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா என்று கண் பரிசோதனை செய்துவிடுங்கள். செம்பு வயரும் ஃபைபரும் நிறத்தை வைத்தே வரிசைப்படுத்தப்படுகின்றன. பச்சையும் மண்ணிறமும் குழம்பும் பிள்ளைக்கு இந்தத் தொழில் பெரிய சிரமம், கட்டணம் கட்டிய பிறகு அது தெரியவரக் கூடாது. உயரத்தில் நிற்பதற்குப் பயமா என்பதையும் அவனிடமே கேளுங்கள், கூரைக்குக் கீழே நடைபாதையில் நின்று வேலை செய்ய வேண்டி வரும்.

மாமாவைக் குறை சொல்லவில்லை, நல்லதை நினைத்துத்தான் கூப்பிடுகிறார். ஆனாலும் கட்டாரில் உலகக் கிண்ணத்துக்கான எட்டு மைதானங்களும் 2022இலேயே தயாராகிவிட்டன, இப்போது அந்தக் கம்பனி செய்வது பராமரிப்பா, வேறு கட்டட வேலையா என்று தெரிய வேண்டும். சவூதிக்கு 2034 உலகக் கிண்ணம் கிடைத்திருக்கிறது, மைதான வேலைகள் அங்கே பல வருடம் நடக்கும், ஒன்றரை வருடம் இங்கே பழகிவிட்டுப் போனால் வாய்ப்பு ஓடிவிடாது.

இந்தக் கிழமை மாமாவிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: ஒப்பந்தத்தில் வேலையின் பெயர் ஹெல்ப்பரா டெக்னீஷியனா, அனுப்பும் ஏஜென்சி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அனுமதி பெற்றதா, அந்தக் கம்பனியில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்களா. கடவுச்சீட்டை யாரிடமும் கொடுக்க முன் அந்தப் பதில்களை எனக்கு அனுப்புங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் நேரில் வாருங்கள்.