பத்தாவது வாரத்திலேயே கேட்டது நல்லது

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன். தலைப்பிரசவத்தில் எட்டாம் மாதம் பி.பி. ஏறி, சிறுநீரில் உப்பு இறங்குகிறது என்று அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பையனுக்கு இப்போது 3 வயது. மறுபடி உண்டாகி 10 வாரம் ஆகிறது. ரத்தக்குழாயைப் பழுதுபார்க்கும் செல்கள் என்னைப் போன்றவர்களுக்குக் குறைவாக இருக்கும் என்கிறான் நர்சிங் படிக்கும் தம்பி. அதைக் கூட்ட ஊசி உண்டா? கருவாடு தின்றதால்தான் எல்லாம் என்கிறார் மாமியார்.

பதில்: அன்புச் சகோதரி, முதலில் கருவாட்டுக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். அன்று நடந்தது நீங்கள் தின்ற எதனாலும் அல்ல. 'உப்பு' என்ற சொல்தான் இந்தப் பழியை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. சிறுநீரில் இறங்கியது சமையல் உப்பு இல்லை, ஆல்புமின் என்ற புரதம். அந்தச் சிறுநீரைச் சோதனைக் குழாயில் சுடவைத்தால், முட்டையின் வெள்ளைக்கரு வெந்த மாதிரி வெள்ளையாகக் கலங்கும். மாமியாரிடம் இதை இப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

தம்பி சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. ரத்தக்குழாயின் உட்புறம் ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு விரிப்பு உண்டு. அது அடிபடும்போது சரிசெய்ய உதவும் செல்கள் ரத்தத்திலேயே சுற்றுகின்றன என்று 1997-ல் டகாயுகி அசஹாரா குழுவினர் எழுதினார்கள். துறைமுகத்தில் வலையை விரித்துப்போட்டு, கிழிந்த கண்களை ஊசியும் நூலுமாகப் பின்னுகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி வேலை. கர்ப்பத்தில் தாயின் ரத்தம் ஏறக்குறைய பாதி அளவு கூடுகிறது, கருப்பைக் குழாய்கள் அகலமாகின்றன. பின்ன வேண்டிய வேலையும் கூடும். நல்லபடியாகப் போகும் கர்ப்பத்தில் மாதம் ஏற ஏற இந்தச் செல்கள் கூடுவதைச் சில ஆய்வுகள் கண்டன.

ப்ரீஎக்லாம்ப்சியாவில், அதாவது உங்களுக்கு வந்ததில், நஞ்சுக்கொடிக்குப் போகும் குழாய்கள் போதிய அளவு அகலாமல் போவது பெரிய காரணம். தவிக்கும் நஞ்சுக்கொடி ஒரு புரதத்தை அளவுக்கு மீறி ரத்தத்தில் விடுகிறது. ரத்தக்குழாயைப் பேணும் வளர்ச்சிப் பொருள்களை அது பிடித்துவைத்துக்கொள்கிறது. பின்னுகிறவர் கையிலிருந்து நூலைப் பிடுங்கியது போல. குழாய்கள் இறுகிக் கசிய, பி.பி., வீக்கம், ஆல்புமின் எல்லாம் வருகின்றன. பழுதுபார்க்கும் செல்கள் இவர்களுக்குக் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்ல, வேறு சில அப்படிக் காணவில்லை. ஒரே பெயரில் ஆளுக்கொரு வகைச் செல்லை எண்ணியது இதற்கு முக்கியக் காரணம். ஆகவே அதைக் கூட்ட ஊசி கிடையாது. ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது சின்ன ஆஸ்பிரின் மாத்திரை. அதனால்தான் 10 வாரத்தில் கேட்டீர்களே என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. 12-ஆவது வாரத்திலிருந்து, 16 தாண்டுவதற்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். 2017-ல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், ஆபத்து அதிகமுள்ள பெண்கள் தினமும் இரவில் 150 மில்லிகிராம் எடுத்தபோது, 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீஎக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இந்த வாரமே கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிக் கேளுங்கள், அளவை அவர்கள் சொல்வார்கள். கால்சியம் மாத்திரையையும் விடாதீர்கள்.

அப்புறம், பி.பி. 140/90 தொட்டால் மறுநாளுக்குத் தள்ள வேண்டாம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, இதில் ஒன்று வந்தாலும் இரவு என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கால் வீக்கத்துக்குப் பார்லி தண்ணீர் குடித்துக்கொண்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த இரண்டு நாளை மட்டும் கொடுக்காதீர்கள்.

பிரசவம் ஆன பிறகும் 6 வாரம் வரை ப்ரீஎக்லாம்ப்சியா தலைகாட்டலாம். ஒரு முறை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. பையன் பிறந்து 3 வருஷமாக பி.பி. பார்த்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லையென்றால் நாளைக்கே பாருங்கள்.